பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர்க்காணி விற்ற பணம் கையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இரண்டு அறை பிளாட் ஒன்றுக்கு 3 கோடி 20 இலட்சம் கேட்கிறார்கள். மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம் வாடகை நிச்சயம் என்கிறார் தரகர். வங்கியில் ஒரு வருட வைப்புக்கு 8 வீத வட்டி தருவார்களாம். மகனோ பிளாட்டைத்தான் வாங்கச் சொல்கிறான். எது நல்லது?
- தெஹிவளை வாசகி

பதில்: ரீச்சர், தரகரின் கணக்குப்படி வருட வாடகை 14 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது விலையில் 4.5 வீதம். அவ்வளவும் உங்கள் கைக்கு வராது. உறுதி எழுதும்போதே முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இந்த விலைக்கு அது 12 இலட்சத்து 79 ஆயிரம். நொத்தாரிசின் கட்டணம் வேறு. ஆள் மாறும் வருடத்தில் வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும், இன்னொரு மாத வாடகை தரகருக்குப் போகும். தொடர்மாடிப் பராமரிப்புக் காசு மாதம் 12 ஆயிரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1 இலட்சத்து 44 ஆயிரம். அப்புறம் மாநகர சபை வரி, ஒழுகும் குளியலறை, பழுதாகும் ஏசி. எல்லாம் போய் 10 இலட்சம் மிஞ்சினால் பெரிய காரியம். போட்ட பணத்துக்கு அது 3 வீதம்தான், அதற்கும் வருமான வரி இருக்கிறது. வங்கியிலோ 10 வீதத்தை வரியாகப் பிடித்த பிறகும் 23 இலட்சம் வரும்.

மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது வைப்பில் இருந்த காசு கரைந்துபோனதை எல்லோரும் பார்த்தோம். வெள்ளவத்தையில் பிளாட் வாங்குபவர்களில் பலர் வாடகையை நினைத்து அல்ல, அந்தப் பயத்தில்தான் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். வெளிநாட்டில் சம்பளம் எடுப்பவருக்கு அது சரி. மாதச் செலவுக்கே இந்தப் பணத்தை நம்பியிருக்கும் உங்களுக்குச் சரிவராது. வாங்கியே தீருவதென்றால் ஒரு அறை பிளாட்டாகப் பார்த்து, மிச்சத்தை வங்கியில் வையுங்கள். தண்ணீர் வரவில்லை என்று இரவு பத்து மணிக்குக் குடியிருப்பவர் மகனை அழைக்கமாட்டார், உங்களைத்தான் அழைப்பார்!

முற்பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: ஒவ்வொரு வீட்டையும் தனி அலகாகக் காட்டும் கூட்டாதனப் படம் பதிவாகியிருக்கிறதா, அந்த அலகுக்குத் தனி உறுதி உண்டா, அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் கட்டிடத்துக்கு இருக்கிறதா. அனுமதித்ததைவிட ஒரு மாடி கூடுதலாகக் கட்டிவிட்டு, "உறுதி பிறகு வரும்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: என் அனெக்ஸை ஒரு வருடத்துக்குக் கொடுத்தேன். வெறும் தாளில்தான் கையெழுத்து. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கதவுக்கு வேறு பூட்டுப் போடலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: போடவே வேண்டாம் ஐயா. மின்சாரத்தையும் வெட்ட வேண்டாம். பிறகு பொலிஸ், நீதிமன்றம் என்று நீங்கள்தான் அலைவீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். உங்கள் தாளுக்கு அந்தப் பலம் இல்லை. குத்தகைக்குக் கொடுத்த இடத்தைக் கெதியாக மீட்க 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அந்த வழிக்கும் ஒழுங்கான குத்தகை உறுதி தேவை. இப்போதைக்கு ஒரு சட்டத்தரணி மூலம் வெளியேறும்படி அறிவித்தல் அனுப்புங்கள். வாடகை வந்த மாதங்களின் வங்கிப் பதிவுகளையும் அவரிடம் கொடுங்கள். மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் நிலுவை எவ்வளவு என்று இன்றே பாருங்கள். அதுவும் உங்கள் தலையில்தான் விழும்.