வாடகையா, சொந்த வீடா?

கேள்வி: கிளிநொச்சியில் மாதம் 25,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்தில் ஒரு வீடு 75 இலட்சத்துக்கு வருகிறது. கையில் 25 இலட்சம் உண்டு; மிச்சம் கடன். வாங்கலாமா?

பதில்: விலைக்கு முன் காணியைப் பாருங்கள். வன்னியில் பல வளவுகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. 'நொத்தாரிசிடம் எழுதித் தாறன்' என்று சொல்வதை நம்பிக் காசு கொடுத்தால், காசும் போய் வளவும் நிலைக்காது. வங்கியும் பெரும்பாலும் உறுதிக் காணிக்குத்தான் (தனியாருக்குச் சொந்தமான, உரிமைப் பத்திரமுள்ள காணி) கடன் தரும். உறுதிக் காணி என்றாலும் காணிப் பதிவகத்தில் தோம்பை, அதாவது பதிவேட்டைப் பார்ப்பியுங்கள். பழைய ஈடு (அடமானம்) இருந்தால் அங்கேதான் தெரியும்.

இனிக் கணக்கு. உங்கள் வாடகை வருடத்துக்கு 3 இலட்சம். 50 இலட்சம் கடனுக்கு 12 வீதம் என்றால் முதல் வருட வட்டியே 6 இலட்சத்தை ஒட்டி வரும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 2,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கூலி வேறு. இடமாற்றம் வரக்கூடிய உத்தியோகமென்றால் வாடகையே மேல்.

வாங்கத்தான் போகிறீர்களென்றால் ஆவணி, புரட்டாதியில் கிணற்றைப் பாருங்கள். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். அந்த வீட்டுக் கேத்தலின் அடியையும் எட்டிப் பாருங்கள். வெள்ளைப் படை தடித்திருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பு கூட; குடிதண்ணீர்ச் செலவையும் கணக்கில் சேருங்கள்.