மழைநீர் வடிகாலில் எதை விடலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பருவமழைக்கு முன்பாகச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் காரை வாசலில் நிறுத்தி ஷாம்பூ போட்டுக் கழுவுகிறேன். தண்ணீர் தேங்காமல் தெருவோர வடிகாலுக்குள் போய்விடுகிறது. இதில் என்ன தவறு? (வேளச்சேரி)

தேங்கவில்லை, சரி. போய்ச் சேரும் இடம்தான் பிரச்சினை. கழிவறை, குளியலறைத் தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. அதில் விழுவது அப்படியே கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கலந்து கடலுக்குப் போகும். உங்கள் பகுதித் தண்ணீர் பெரும்பாலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் அது.

கார் கழுவிய தண்ணீரை ஒருமுறை வாளியில் பிடித்துப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும், அடியில் டயர் மண்ணும் பிரேக் தூளும் கறுப்பாகப் படிந்திருக்கும். ஷாம்பூ இல்லாமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணி அலசிய தண்ணீரைக் குளியலறையில் ஊற்றுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் அடுக்ககத்துச் சாக்கடைத் தொட்டி நிரம்பி வழிகிறது. மோட்டார் போட்டு வடிகாலில் இறைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். (மடிப்பாக்கம்)

தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் இறைப்பது அடுத்த தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரில் கலக்கும். பிள்ளைகள் அதில்தான் நடப்பார்கள். அந்தத் தண்ணீர் வீடுகளின் தரைமட்டக் குடிநீர்த் தொட்டிக்குள் புகுந்தால் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு எல்லாம் வரலாம்.

மழை நாளில் மட்டும் நிரம்புகிறது என்கிறீர்களே, அங்கேதான் துப்பு இருக்கிறது. எங்கோ மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடைக் குழாயோடு இணைத்திருக்கக்கூடும். மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே சாக்கடைக் குழாய்கள் சேரும் ஒவ்வொரு சேம்பர் மூடியையும் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்து விழும் சேம்பரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குழாயைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். அதுவரை கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள். வேறு யாராவது வடிகாலில் சாக்கடை விடுவதைப் பார்த்தால் 1913 என்ற தொலைபேசி எண்ணில் மாநகராட்சிக்குச் சொல்லலாம்.

கேள்வி: மாடித் தண்ணீரோடு கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரையும் கிணற்றில் விடலாமா? (அம்பத்தூர்)

கிணற்றுக்கு மாடித் தண்ணீர் மட்டும்தான். அதிலும் முதல் மழையைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். மாடியில் சேர்ந்த தூசு, காக்கை எச்சமெல்லாம் அதோடு போய்விடும். 1000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தாலே சுமார் 93 லிட்டர் வரும், அந்தத் தண்ணீரே மாடியை அலசிவிட உதவும். கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அதற்குக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தனிக் கசிவுக்குழி போடுங்கள். போர்வெல்லுக்குள் நேராக விடவே கூடாது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. உங்களுடையதையும் செப்டம்பரிலேயே திறந்து தூர் வாருங்கள்.

கேள்வி: பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை எங்கே ஊற்றுவது? (பெரம்பூர்)

வடிகாலிலும் வேண்டாம், சிங்கிலும் வேண்டாம். கொஞ்சமென்றால் பழைய செய்தித்தாளில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: வீடு கட்டுகிறோம். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) தெருவில்தான் கிடக்கிறது. (போரூர்)

ஒரே மழையில் பாதி மணல் வடிகாலுக்குள் போய்விடும். மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்குங்கள். அப்புறம், கொத்தனாரிடமும் சொல்லிவையுங்கள்: கலவைச் சட்டியை வடிகால் வாயில் கழுவக் கூடாது. சிமெண்ட் பால் அடியில் இறுகிவிட்டால் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். மனைக்குள்ளேயே ஒரு குழி வெட்டி அதில் கழுவச் சொல்லுங்கள்.