மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு முட்டி மடங்கவில்லை. டாக்டர் செய்த தவறா?

இரண்டு மாதமாகியும் மடங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் என் அம்மாவோடு இதை அனுபவித்தவன்.

ஆறாவது வாரத்தில் அம்மாவின் வலது முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்காமல் நின்றுவிட்டது (கால் நேராக நீண்டிருந்தால் 0 என்று கணக்கு). சமதரையில் நடக்க அது போதும். மாடிப்படி ஏற 80க்கு மேல் வேண்டும், நாற்காலியிலிருந்து எழ 90ஐத் தாண்ட வேண்டும். டாக்டர்தான் சொதப்பிவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

செக்கப்புக்குப் போனபோது அவர் பழைய ஃபைலைத் திறந்து காட்டினார். ஆபரேஷனுக்கு முன்பே அந்த முட்டி 80 டிகிரிதான் மடங்கியிருக்கிறது. பிறகு எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறதாம். தேய்ந்த எலும்பு முனைக்கு உலோகம் போடலாம். வருஷக்கணக்கில் சுருங்கிப்போன தசையும் மூட்டு உறையும் பழையவைதானே? அம்மா ஏழு வருஷம் தைலத்திலேயே ஓட்டியிருந்தார். போதாததற்கு சுகர் வேறு.

அதே முட்டியில் முன்பு எலும்பு முறிவோ வேறு ஆபரேஷனோ நடந்திருந்தாலும், புகைபிடிப்பவராக இருந்தாலும் இறுக்கம் வர வாய்ப்பு அதிகம். வயது குறைந்தவர்களுக்கும் அப்படித்தான் என்றார், எனக்கு அது ஆச்சரியம். டாக்டர் பக்கமும் தவறு இருக்கலாம்: பொருத்திய மூட்டு ஒரு அளவு பெரிதாக இருந்தாலோ, கோணம் பிசகினாலோ மடங்காது. உள்ளே கிருமித் தொற்று இருந்தாலும் இறுகும். அதனால் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

எங்கள் பங்கும் உண்டு. பாவம், வலிக்கிறதே என்று அத்தை முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டே இருந்தார். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அப்புறம், டாக்டரைக் கேட்காமலே வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தோம். பிசியோ வந்து தொட்டாலே அம்மா காலை விறைத்துக்கொள்வார். பயிற்சி எங்கே நடக்கும்?

ஒன்பதாவது வாரம் மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமல், கையாலேயே மடக்கிவிட்டார்கள். மறுநாளே பிசியோ, இந்த முறை மாத்திரை போட்டுக்கொண்டு. இப்போது 100 டிகிரி. தரையில் உட்கார முடியாது, பஸ் ஏறிவிடுகிறார்.

இந்த வைத்தியம் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும், அதற்கு மேல் போனால் முட்டிக்குள் உண்டான தழும்பு கெட்டிப்பட்டுவிடும். அப்பாவுக்கு இப்போதே இரண்டு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஆபரேஷனுக்கு முன் எத்தனை டிகிரி மடங்கியது என்று ஃபைலில் பார்க்கச் சொல்லுங்கள்.