மிச்சத் துணியும் ஊசி நூலும்: கேள்வி பதில்

பல ஆண்டுகள் தையல் வகுப்பு நடத்தியவள் நான். வீட்டில் மிஞ்சிய துணிகளைத் தைப்பது பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். இதற்கென்று கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்குவதாக இருந்தால் இன்றைய பேச்சு அதைப் பற்றியதல்ல.

கேள்வி: பாட்டியின் கால்மிதி மிஷின் பதினைந்து ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது டீச்சர். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் மிஷினைக் கவனியுங்கள். தூசி தட்டி, எண்ணெய்த் துளைகளில் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உள்ளே காய்ந்து பிசினாகிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். நூல் கோக்காமல் ஒரு கந்தல் துணியில் பத்து நிமிடம் மிதியுங்கள். பழைய கறுப்பு எண்ணெயெல்லாம் துணியில் இறங்கிவிடும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிக் குறைத்து மறுபடி கொக்கி மாட்டலாம். ஊசி புதிதாக இருக்கட்டும். பருத்திக்கு 14ஆம் எண் போதும்.

அடுத்து, அப்பாவின் பழைய பருத்திச் சட்டை ஒன்றை எடுங்கள். காலர்தான் நைந்திருக்கும், உடம்புப் பகுதி நன்றாகவே இருக்கும். பட்டன்களைப் போட்டுச் சட்டையைச் சமமாக விரியுங்கள். அக்குளுக்குக் கீழே, பட்டன் பட்டி நடுவில் வருமாறு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் 17 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் இரண்டு பட்டன்களை மட்டும் திறந்துவிட்டு, நான்கு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். பட்டன் வாய் வழியாகத் திருப்பினால் 16 அங்குலக் குஷன் உறை தயார். ஜிப் வேண்டாம், காஜா எடுக்க வேண்டாம். ஒரு மாலைக்குள் முடிகிற வேலை இது. அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்க்கிறபோது வரும் சந்தோஷம்தான் அடுத்த வேலைக்கு இழுக்கும்.

கேள்வி: துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. அடிநூல் சுற்றிய பாபின் கெட்டுவிட்டதா?

பதில்: அடியில் சிக்கினால் குற்றம் பெரும்பாலும் மேல்நூலில்தான். துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். அப்போது நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையில் உட்காராது. பாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூல் முழுவதையும் மறுபடி கோத்துவிடுங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைலக்ஸ் புடவைகள் நிறைய இருக்கின்றன. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாகத் தைக்கலாமா அக்கா?

பதில்: கூடாது. நைலக்ஸ் என்பது நைலான் துணி, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எந்தத் துணி என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் தரும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கடினமான மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் துணி அடுப்புப் பக்கம் போகக்கூடாது. பாத்திரம் பிடிக்கப் பழைய துண்டுதான் சரி, நான்கு மடிப்பாக.

கேள்வி: ரவிக்கை வெட்டச் சொல்லித் தருவீர்களா?

பதில்: அளவு எடுக்காமல் எழுத்தில் சொல்லித் தருகிற காரியமல்ல அது. பக்கத்தில் இருக்கும் தையல்காரரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவின் காஞ்சிபுரம் கூறைப்புடவை மடிப்பில் கிழிகிறது. என் மகளுக்குப் பாவாடையாகத் தைக்கலாமா?

இடையில் ஒருவர்: கூறைப்புடவையில் கத்தரி வைப்பது பாவம். அப்படியே வைத்திருங்கள்.

இன்னொருவர்: பழைய ஜரிகை வாங்குபவர்களிடம் கொடுத்தால் பணமாவது கிடைக்கும்.

பதில்: பாவம் என்று சொன்னவரின் மனம் புரிகிறது. ஆனால் பெட்டியில் ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். கத்தரி படாமலேயே கிழிகிறதே, அதற்கு என்ன பெயர்? நல்ல நிலையில் உள்ள புடவை என்றால் நானும் வெட்டச் சொல்லமாட்டேன். பழைய வேட்டியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். விற்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பவருக்கு அது யார் உடுத்திய புடவை என்பது பொருட்டல்ல.

கிழிந்ததை வெட்டலாம், ஆனால் பார்த்து வெட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடியுங்கள். இற்ற மடிப்புகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். அவற்றைச் சாக்கட்டியால் குறித்து ஒதுக்கிவிடுங்கள். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் தனித்தனி ஊடையால், அதாவது குறுக்கிழையால், நெய்யப்பட்டு இணைபவை. உடல் நைந்த பிறகும் கரை திடமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பழைய வேட்டியை லைனிங் கொடுத்து, இடுப்புப் பட்டியை அந்த லைனிங்கோடு சேர்த்துத் தையுங்கள். இழுப்பு முழுவதையும் பருத்தி தாங்கட்டும், பட்டு மேலே தொங்கினால் போதும். 11ஆம் எண் ஊசி.

இடையில் முதலாமவர்: அப்படியானாலும் என் கை வராது.

பதில்: வராவிட்டால் வெட்ட வேண்டாம் அம்மா. உங்கள் பெட்டியில் இருப்பதை இன்றைக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மட்டும் மாற்றிவையுங்கள்.

கேள்வி: அடியில் நூல் சிக்குகிறதே?

பதில்: மேலே சொன்னேன். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல்நூலைக் கோத்துவிடுங்கள்.

கேள்வி: அரிசி மூட்டைச் சாக்கில் கடைக்குப் போகும் பை?

பதில்: தைக்கலாம். அது பிளாஸ்டிக் இழை, இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. 16ஆம் எண் ஊசி, நீளத் தையல். நெருக்கித் தைத்தால் ஊசித்துளை வரிசையிலேயே கிழியும்.

கேள்வி: மிஷினே இல்லை. கையால் என்ன தைக்க முடியும்?

பதில்: வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்தே நூல் உருவி, வெறும் ஓட்டுத்தையலில் காந்தா போர்வை தைத்திருக்கிறார்கள். ஒரு பருத்திப் புடவையை நான்காக மடியுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

கேள்வி: மின்சார மிஷினிலும் அடியில் நூல் சிக்குமா டீச்சர்?

பதில்: சிக்கும். பாதத்தைத் தூக்குங்கள்.

கேள்வி: கூறைப்புடவை பற்றிக் கேட்டவள்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று கோடுகள் தெரிகின்றன; முந்தானைப் பக்கம் ஒன்றுமே இல்லை.

பதில்: அப்படியானால் முந்தானையைத் தொடாதீர்கள், முழுதாக இருக்கட்டும். மூன்று கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதிகளை மட்டும் எடுத்து, குழந்தையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்துகொண்டு, கரையைக் கீழே வைத்து வெட்டுங்கள். மேலே நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், அவள் வளர வளரப் பிரித்து இறக்கலாம்.