கேள்வி - பதில்: முரசடித்த கைகளில் கோன் ஐஸ்

கேள்வி: எங்கள் தெரு ஐஸ்கிரீம் கடையில் 'ஒவ்வொரு கப்பிலும் ஒரு ரூபாய் ஆப்பிரிக்க ஏழைகளுக்கு' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். நம்பலாமா? ஒரு சின்னக் கடை கடல் தாண்டி உருப்படியாக எதையாவது செய்ததுண்டா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பணம் எந்த ஊருக்கு, யார் கைக்குப் போகிறது என்று கடைக்காரரையே கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்த ரூபாய் கல்லாவைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் செய்து காட்டிய கடை ஒன்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அட்லாண்டிக் அவென்யூவில், 2007-இல் ஜென்னி டன்டாஸ், அலெக்சிஸ் மீசன் என்ற இரண்டு பெண்கள் 'புளூ மார்பிள்' என்று ஒரு ஐஸ்கிரீம் கடை போட்டார்கள். டன்டாஸ் நடிகையும்கூட. நாடக உலகத் தொடர்பில் ருவாண்டா நாட்டு நாடகக் கலைஞர் ஓடில் கக்கிரே கடேசெ அவருக்கு அறிமுகமானார்.

கடேசெ லேசுப்பட்டவர் இல்லை. அவர் நாட்டில் முரசு ஆண்களுக்கே உரியது. பெண்கள் தொடக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அவரோ பெண்களை மட்டுமே சேர்த்து 'இங்கோமா ன்ஷ்யா' என்ற முரசுக் குழுவை உருவாக்கினார். 1994 இனப்படுகொலையில் சுமார் நூறு நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட தேசம் அது. குழுவில் கணவனையும் பெற்றோரையும் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கொலை செய்தவர்களின் குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தாளத்தில் அடிக்கிறார்கள்.

முரசு சரி, வயிற்றுக்கு? எங்கள் ஊரில் ஒரு ஐஸ்கிரீம் கடை போட உதவ முடியுமா என்று கடேசெ புரூக்ளின்காரர்களைக் கேட்டார். 2010-இல் பூட்டாரே நகரில் 'இன்ஸோஸி ன்ஸீஸா' திறந்தது. 'இனிய கனவுகள்' என்று அர்த்தம். உண்டியல் குலுக்கிப் பணம் அனுப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. இதற்கென்றே தனித் தொண்டு அமைப்பு தொடங்கினார்கள். நேரில் போய்த் தொழிலையும் சொல்லிக்கொடுத்தார்கள். கடை அந்தப் பெண்களின் கூட்டுறவுக்கு. பால் கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி வரிதான்.

கேள்வி: சோற்றுக்கே கஷ்டப்படும் நாட்டுக்கு ஐஸ்கிரீமா? கிணறு வெட்டிக் கொடுத்திருக்கலாமே!
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கிணறு வெட்டத் தெரிந்தவர் வெட்டட்டும். இவர்களுக்குத் தெரிந்தது ஐஸ்கிரீம்.

தவிர, பூட்டாரே பல்கலைக்கழக ஊர். கையில் நாலு காசு உள்ள பிள்ளைகள் வந்துபோகும் இடம். ருவாண்டாக்காரர்கள் மாட்டைக் கொண்டாடுவதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்ற 'கிரின்கா' திட்டத்தை அரசே 2006 முதல் நடத்துகிறது. பாலை மட்டுமே நம்பி நடக்கும் கடைகள் அங்கே சகஜம். நம் டீக்கடைபோல உட்கார்ந்து, 'இகிவுகுடோ' என்ற புளித்த பாலைப் பெரிய டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். அன்னாசி உள்ளூரிலேயே விளைகிறது. சரக்கும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, அப்புறம் என்ன?

ஒரே சிக்கல், பெரியவர்கள் தெருவில் நடந்துகொண்டே தின்பது அங்கே மரியாதைக் குறைவு. கோனை நக்கிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற நம்ம ஊர் வியாபாரம் எடுபடாது. நாற்காலி போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்த வியாபாரம் தாங்குமா?
- வாசகர், மணப்பாறை

பதில்: நம் ஊருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கட்டி ஐஸ்கிரீமை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இளகி மறுபடி உறைந்தால் உள்ளே பனிப்பரல் கட்டி, நாக்கில் நறநறவென்று இருக்கும். சாஃப்டி மெஷின் வேறு ஜாதி. கலவை 4 டிகிரியில் தொட்டியில் இருக்கும். குழாயைத் திறக்கும்போது காற்றோடு கடைந்து மைனஸ் 6 வாக்கில் சுருண்டு விழும். உறைந்த சரக்கு மூட்டை மூட்டையாகத் தேங்காது, நஷ்டம் குறைவு. ஆனால் மெஷினை முழுசாகக் கழற்றிக் கழுவ அலுத்துக்கொள்கிறவர் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. அந்த ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழைய பால் போதும், ஒரு தெருவையே படுக்க வைக்க.

கேள்வி: நானும் ஐஸ்கிரீம் கடைதான் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுத் தொண்டுக்குப் பணம் அனுப்பலாமா? வரிச்சலுகை உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தனிநபராக அனுப்பலாம் தம்பி. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வரம்பு. நன்கொடையும் அதற்குள் அடக்கம். வங்கியில் பான் எண் கேட்பார்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. வாடிக்கையாளரிடம் வசூலித்து அனுப்புவதாக இருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், போர்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.