இரவு வானத்தைக் கணினியில் பார்க்கக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு விண்மீன்களைப் பற்றித் தெரிந்துகொள்வதில் மிகுந்த ஆர்வம். நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். வீட்டில் ஏறத்தாழப் பத்து ஆண்டுப் பழைய விண்டோஸ் கணினி இருக்கிறது. "பத்துக் கோடி விண்மீன்கள்" கொண்ட கோளரங்க மென்பொருள் என்று சொல்லி, பென் டிரைவில் போட்டு இணையத்தில் ஒருவர் விற்கிறார். ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்று நண்பர் சொல்கிறார். இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா, அல்லது காசு கொடுத்து வாங்குவதுதான் நல்லதா?

பதில்: பென் டிரைவை வாங்காதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது சரி.

முதலில் அந்தப் பத்துக் கோடியைப் பார்ப்போம். நல்ல இருட்டான இடத்தில், கூரிய பார்வை உடைய ஒருவரின் வெறுங்கண்ணுக்கு எட்டும் விண்மீன்களை வடவானம், தென்வானம் இரண்டிலும் சேர்த்து எண்ணினாலும் சில ஆயிரங்களைத் தாண்டாது. அவற்றிலும் பாதிதான் ஒரே நேரத்தில் அடிவானத்துக்கு மேலே இருக்கும். மதுரை நகருக்குள் மொட்டைமாடியில் நின்றால் தெரிபவை அதனினும் மிகக் குறைவு. ஸ்டெல்லேரியத்தை நிறுவியவுடனேயே அதில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருக்கும். பைனாகுலருக்கும் சிறிய தொலைநோக்கிக்கும் இது தாராளமாகப் போதும். கோடிக்கணக்கில் வேண்டுமென்றாலும், கூடுதல் பட்டியல்களை அந்த மென்பொருளின் அமைப்புச் சாளரத்திலிருந்தே இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆகவே விண்மீன் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரம், வாங்குபவருக்குப் பயன்படாத ஒன்றையே விலைபேசுகிறது.

இலவசம் என்பதால் தரம் குறைந்துவிடவில்லை. ஃபாபியான் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் 2001 வாக்கில் தொடங்கிய இந்த மென்பொருளைப் பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருந்த பின்னர்தான், 2022 அக்டோபரில், தங்கள் வெளியீட்டுக்கு 1.0 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். இத்தனை நிதானத்தை விலைக்கு விற்கும் மென்பொருள்களில் காண்பது அரிது. இது ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வரும் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியது. அந்த உரிமம், விதிகளுக்கு உட்பட்டு, நகலெடுத்து விலைக்கு விற்பதையும் அனுமதிக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உறையை மாற்றி, வேறு பெயர் சூட்டி, இதே மென்பொருளை ஒருவர் உங்களிடம் விற்கக்கூடும். தயாரித்தவர் பெயர், பதிப்பு எண், உரிம வகை ஆகிய மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் விலகிவிடுங்கள். முன்பின் தெரியாதவரின் பென் டிரைவைக் கணினியில் செருகுவதில் வைரஸ் அபாயமும் உண்டு. ஸ்டெல்லேரியத்தை அதன் சொந்த இணையதளமான ஸ்டெல்லேரியம்.ஆர்க் என்ற முகவரியிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

நிறுவிய பிறகு பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளுக்கு உங்கள் ஊர் தெரியாவிட்டால் அது பாரிஸ் நகர வானத்தைக் காட்டும். இணைய இணைப்பை வைத்து ஊரை ஊகித்தாலும், மதுரைக்குப் பதிலாகச் சென்னையையோ பெங்களூரையோ எடுத்துக்கொள்ளலாம். எஃப்6 விசையை அழுத்தினால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் திறக்கும். அதில் மதுரையைத் தேடி எடுத்து, அதையே நிலையான இடமாகக் குறித்துவிடுங்கள். சரியாக அமைந்ததா என்று உங்கள் மகளே சோதித்துப் பார்க்கலாம். எஃப்5 விசையை அழுத்தித் தேதியைப் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் நேரத்தை இரவு எட்டரை மணிக்கும் மாற்றிவிட்டுத் தெற்கே திரும்பச் சொல்லுங்கள். அகத்தியர் என்று நம் மரபில் அழைக்கப்படும் கனோபஸ் விண்மீன் அடிவானத்திலிருந்து சுமார் 27 பாகை உயரத்திலும், அதற்கு மேலே, சற்றுக் கிழக்கே தள்ளி, வெகு உயரத்தில் சிரியஸ் விண்மீனும் தெரிய வேண்டும். வடக்கே துருவ விண்மீன் 10 பாகைக்கு அருகில், ஏறக்குறைய வீட்டுக் கூரைகளை ஒட்டி, தாழ்ந்து நிற்கும். பாரிஸில் கனோபஸ் உதிப்பதே இல்லை. துருவ விண்மீனோ அங்கே 49 பாகை உயரத்தில் இருக்கும். ஆகவே அகத்தியரைக் காணவில்லை என்றால் உங்கள் கணினி இன்னும் பிரான்சில்தான் இருக்கிறது. நேர மண்டலத்தையும் ஒருமுறை பாருங்கள்: உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே என்பதற்குப் பதிலாக ஐந்து மணி என்று பதிவாகியிருந்தால் வானம் முழுவதும் ஏழரைப் பாகை நகர்ந்துவிடும்.

எஃப்4 விசையில் திறக்கும் சாளரத்தில் ஒளிமாசின் (நகர விளக்குகளால் வானம் வெளுப்பதன்) அளவை உங்கள் ஊருக்கு ஏற்பக் கூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் திரையில் பால்வீதி பளிச்சென்று தெரியும், மாடிக்குப் போனால் ஒன்றும் இருக்காது; குழந்தைகள் சலித்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாடிக்கு மடிக்கணினியைக் கொண்டுபோவதாக இருந்தால், கன்ட்ரோல் விசையுடன் ஆங்கில N எழுத்து விசையைச் சேர்த்து அழுத்துங்கள். திரை சிவப்பாக மாறி, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசச்செய்யாது.

பழைய கணினியைப் பொறுத்தவரை, நினைவகத்தைக் காட்டிலும் கிராஃபிக்ஸ்தான் தடையாக இருக்கும். மென்பொருள் திறக்க மறுத்தால் முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் இயங்காவிட்டால், உலாவியிலேயே இயங்கும் ஸ்டெல்லேரியம் வெப் பதிப்பையோ, பாத்ரிக் ஷெவாலே உருவாக்கிய கார்ட் டு சியெல் என்ற இலவச மென்பொருளையோ முயன்று பாருங்கள். இரண்டாவதில் அலங்காரம் குறைவு. தாளில் அச்சிட்டு எடுத்துச்செல்ல ஏற்ற வரைபடங்களைத் தருவதில் அது கெட்டி.

கேள்வி: என்னிடம் கணினியால் இயக்கக்கூடிய 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. ஸ்டாரி நைட், தி ஸ்கை, ஸ்கை சஃபாரி ஆகிய கோளரங்க மென்பொருள்களில் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். எது சிறந்தது?

பதில்: உங்களுக்குக் காசு கொடுக்கக் காரணம் இருக்கலாம், ஆனால் அது என்ன காரணம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. தொலைநோக்கியைத் திருப்புவது மட்டும்தான் தேவை என்றால், ஸ்டெல்லேரியத்திலுள்ள தொலைநோக்கிக் கட்டுப்பாட்டுச் செருகுநிரலே (மென்பொருளுக்குள் கூடுதலாக இயக்கிக்கொள்ளும் சிறு பகுதி) பரவலாக விற்கும் பல மாதிரிகளுடன் பேசும். விண்டோஸில், வானியல் கருவிகளைக் கணினியுடன் பேசவைக்கும் ஆஸ்காம் என்ற இடைமென்பொருள் வழியாகவும் இணைக்கலாம். படமெடுப்பதில் நாட்டம் இருந்தால், கே ஸ்டார்ஸ் மென்பொருளுடன் வரும் ஈகோஸ் பகுதி கேமரா, குவியம், வழிகாட்டல் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து நடத்துகிறது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல இலவசம் இல்லை என்பது என் கருத்து. இவற்றை ஒரு பருவம் பயன்படுத்தி, குறை என்று தோன்றுவதைக் குறித்துவைத்து, அந்தக் குறையைத் தீர்ப்பதை மட்டும் வாங்குங்கள்.

மூன்றில், ஸ்கை சஃபாரி கைப்பேசிகளுக்கும் மேக் கணினிகளுக்கும் உரியது. விண்டோஸ் கணினியில் போடலாம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். தி ஸ்கை மென்பொருளைத் தயாரிக்கும் சாஃப்ட்வேர் பிஸ்க், உயர்விலைத் தொலைநோக்கித் தாங்கிகளையும் தயாரிக்கும் நிறுவனம். அத்தகைய கருவிகளுடன்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். ஸ்டாரி நைட் பல நிலைகளில் விற்கப்படுகிறது. தொலைநோக்கியை இயக்கும் வசதி நீங்கள் வாங்கும் நிலையில் உண்டா என்று பார்த்த பின்பே பணம் கட்டுங்கள். ஒரு முறை கட்டணமா ஆண்டுச் சந்தாவா, எத்தனை கணினிகளில் நிறுவலாம், அடுத்த பெரிய பதிப்புக்கு மறுபடியும் பணமா, பதிவிறக்கிய பின் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற விதிகளையும் அப்போதே படித்துவிடுங்கள். விலை டாலரில் காட்டப்பட்டால், உங்கள் வங்கி வசூலிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் வரியும் அதன்மேல் சேரும்.

கேள்வி: பள்ளியில் மாணவர்களுக்குப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் காட்ட முயன்றோம். ஸ்டெல்லேரியம் சொன்ன நேரத்தில் அது வரவில்லை. மென்பொருளில் பிழையா?

பதில்: பெரும்பாலும் பழைய தரவுதான் காரணம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த நிலையத்தை மெல்லிய காற்று சற்றே இழுத்துக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி அதை மேலே தள்ளுகிறார்கள். எனவே சில வாரங்களுக்கு முந்தைய சுற்றுப்பாதைத் தரவை வைத்துக் கணக்கிட்டால் நேரம் தவறிவிடும். விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. பள்ளியில் இணையம் இல்லையென்றால், முதல்நாள் இணைய இணைப்பு உள்ள இடத்தில் செயற்கைக்கோள் செருகுநிரலைத் திறந்து தரவைப் புதுப்பித்துக்கொண்டு செல்லுங்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் வால்நட்சத்திரங்களுக்கும் இதே முறையில் தரவைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: முதல் கேள்வியில் வந்தது போன்ற பென் டிரைவை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உள்ளே இருப்பது இலவச மென்பொருள்தான். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: விற்றது மட்டும் குற்றமாகாது. ஆனால் தன் சொந்தத் தயாரிப்பு என்றோ, வேறெங்கும் கிடைக்காது என்றோ விளம்பரத்தில் சொல்லியிருந்தால், அது தவறான விளம்பரம் என்று வாதிட இடமுண்டு. விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, விலைப்பட்டியல், மென்பொருளின் உரிமப் பக்கம் ஆகியவற்றைச் சேர்த்து, முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம்.