சிஇ சான்றிதழுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரியில் சில்வர் ஓக் மரத்தில் சிறு பிள்ளைகள் இழுத்து விளையாடும் வண்டி செய்கிறோம். ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது, சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட பொருள் என்று காட்டும் குறி, கேட்கிறார்கள். பத்தே நாளில் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சிஇ சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் என்று ஐரோப்பாவில் ஒன்று கிடையாது. பொம்மைப் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஈஎன் 71 தரநிலைகளை முழுக்கப் பின்பற்றிச் செய்த பொம்மைக்கு, செய்தவரே உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையைப் பதிக்கலாம். ஏஜென்டின் தாளை நம்பி அனுப்பிய வண்டியின் சக்கரம் ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அன்றைக்கு அவர் போனை எடுக்க மாட்டார்.

ஈஎன் 71-இல் உங்களுக்கு முக்கியமானவை மூன்று பாகங்கள்: உடைதலும் சிறு துண்டுகளும், தீப்பற்றுதல், பெயின்டிலிருந்து வெளியேறும் ஈயம் போன்றவை. ஈஎன் 71 சோதனைக்கே அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆனால் ஆய்வக அறிக்கை, கொடுத்த மாதிரியைப் பற்றி மட்டும்தான் பேசும். ஆபத்து மதிப்பீடு உங்கள் வேலை. பனிமூட்டத்தில் ஈரம் குடித்த மரம், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஜெர்மன் வீட்டில் காய்ந்து சுருங்கும். அச்சு தளரும், சக்கரம் கழன்றுவரும். குழந்தை கடிக்கும், எறியும், நனைக்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும், அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கோப்பைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

'3 வயதுக்கு மேல்' என்று ஒட்டிவிட்டால் சிறு துண்டு விதியிலிருந்து தப்பலாம் என்றும் சொல்வார்கள். உண்மையிலேயே பெரிய பிள்ளைகளுக்கான பொம்மை என்றால் அந்த எச்சரிக்கை செல்லும். உங்கள் வண்டிக்குச் செல்லாது. கயிறு கட்டி இழுக்கும் வண்டி, நடை பழகும் குழந்தைக்குத்தான் என்று பார்த்தாலே தெரியும். என்ன எழுதி ஒட்டினாலும் 3 வயதுக்குக் கீழ் என்றே எடுத்துக்கொள்வார்கள். கழன்ற துண்டு 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கினால் வண்டி தேறாது.

சட்டத்தை இலவசமாகப் படிக்கலாம், தரநிலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தத் தரநிலைகளும் சட்டத்தின் பகுதிதான், மக்கள் பார்க்க வழி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச்சில் பொம்மைத் தரநிலை வழக்கிலேயே சொன்னது. அதற்குப் பிறகும் சிறு பட்டறைக்காரர் கைக்கு எளிதாகக் கிடைக்காததால்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

சரி, முதலில் பத்து வண்டிகளை மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் வீட்டுத் தகரக்கூரை அறையில் மூன்று வாரம் வையுங்கள். ஒரு சக்கரம் ஆடினாலும் ஆய்வகத்துக்கு இப்போது போக வேண்டாம்; மரத்தை இன்னும் காயவைக்க வேண்டும்.